மெக்சிகோவில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

இங்கே அம்மாவும் நானும் நலம். "நம்ம நாட்டுக்கும் இந்த ஊருக்கும் தூதரகத்தைத் தவிர என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்டாயே, போனில் சொன்னால் பாதியில் நின்றுவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

முறைப்படி தூதரக உறவு தொடங்கியது 1950 ஆகஸ்டில். சுதந்திர இந்தியாவை லத்தீன் அமெரிக்காவில் முதலில் அங்கீகரித்த நாடும் மெக்சிகோதான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது கோதுமை.

அமெரிக்க வேளாண் விஞ்ஞானி நார்மன் போர்லாக் அங்கே உருவாக்கிய குட்டை ரகக் கோதுமை விதை, 1965இல் லாரி லாரியாக அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்துக்குக் கிளம்பியது. எல்லையில் தாமதம். அதைத் தாண்டி வந்தால் லாஸ் ஏஞ்சலஸில் கலவரம், சாலையெல்லாம் அடைப்பு. ஒருவழியாக விதை கப்பலேறிய கையோடு இங்கே இந்தியா-பாகிஸ்தான் போர் மூண்டது. இரண்டு நாட்டுக்கும் போகவேண்டிய விதை அந்த ஒரே கப்பலில் வந்துகொண்டிருந்தது, யோசித்துப் பார்!

அடுத்த ஆண்டே 18,000 டன் விதை வாங்கினோம். அப்போது வேளாண் அமைச்சர் நம் சி. சுப்பிரமணியம். கிளம்பிய எதிர்ப்பை அவர் பொருட்படுத்தவில்லை. அவருக்குத் துணை நின்ற விஞ்ஞானி கும்பகோணத்து எம்.எஸ். சுவாமிநாதன். 1968 அறுவடையில் மூட்டை வைக்க இடம் போதாமல், சில ஊர்களில் பள்ளிக்கூடங்களையே கிடங்காக்கினார்கள். பசியில் கிடந்த நாட்டுக்கு இதைவிடப் பெரிய உதவி எது, சொல்.

அதே 1968இல்தான் கவிஞர் ஒக்தாவியோ பாஸ் டெல்லியை விட்டுப் போனார். 1962லிருந்து மெக்சிகோவின் தூதராக இங்கே இருந்தவர். அக்டோபரில் அவருடைய அரசு தலாத்தெலோல்கோ சதுக்கத்தில் மாணவர்களைச் சுட்டது. அந்த அரசின் பிரதிநிதியாக இனி இருக்க மாட்டேன் என்று பதவியை விட்டு விலகினார். பின்னால் 1990இல் நோபல் பரிசு வாங்கினார், சரி. எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது இந்த விலகலால்தான்.

அப்புறம், தூதரகமெல்லாம் வருவதற்கு வெகு முன்பே அங்கே போய்ச் சேர்ந்த ஒருவர் உண்டு: பாண்டுரங் கான்கோஜே. வெள்ளைக்காரன் ஆட்சியை எதிர்த்து அமெரிக்காவில் இந்தியர்கள் தொடங்கிய புரட்சி இயக்கமான கதர் (Ghadar) கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். வெள்ளைக்காரன் ஆட்சியில் ஊர் திரும்ப வழியில்லாமல், சாப்பிங்கோ வேளாண்மைப் பள்ளியில் ஆசிரியராகி, மக்காச்சோளத்திலும் கோதுமையிலும் ஆராய்ச்சி செய்தார். உன் ஊரிலேயே கல்வி அமைச்சகக் கட்டடத்தில் டியாகோ ரிவேராவின் சுவரோவியங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றில் சாப்பாட்டு மேசையில் ரொட்டியைப் பிட்டுக் கொடுப்பவரின் முகம் கான்கோஜேயுடையது என்பார்கள்.

ஒரு லீவு நாளில் போய்ப் பாரம்மா. படம் எடுக்க விட்டால் எனக்கும் ஒன்று அனுப்பு.

அன்புடன்,
அப்பா