இன்ஜின் ஓடும்போது அமுக்கிப் பாருங்கள்: டிராக் பந்தயச் சோதனை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போட்டி ஏற்பாட்டாளர்களுக்கும், தொழில்நுட்பச் சோதனை செய்யும் அதிகாரிகளுக்கும் வணக்கம். நாங்கள் கோலாலம்பூரில் கார் வயரிங் வேலை பார்ப்பவர்கள்.

செப்பாங் தடத்தில் 402 மீட்டர் நேர்கோட்டு டிராக் பந்தயம் ஓட வரும் கார்களில் பல, வார நாளில் வேலைக்குப் போய்வரும் கார்கள். காலையில் ஜாலான் டூத்தா நெரிசலில் ஊர்ந்த புரோட்டான் சத்ரியாவோ ஹோண்டா ஈ.ஜி. சிவிக்கோ சனிக்கிழமை டயர் மாற்றிக்கொண்டு உங்கள் முன்னால் வந்து நிற்கிறது. அவற்றில் பலவற்றில் பேட்டரி பின் பூட் பகுதிக்குப் போயிருக்கும். முன்சக்கர ஓட்டமுள்ள காரில் எடையைப் பின்னால் தள்ளினால் டயர் பிடிப்பு அதிகரிக்காது. டர்போவுக்கும் காற்றுக் குழாய்க்கும் இடம் தேடித்தான் அதை நகர்த்துகிறார்கள். நகர்த்திய நாள் முதல் காரின் முழு நீளத்துக்கும் ஒரு தடித்த வயர் ஓடுகிறது. மோதலில் அது நசுங்கி உடல் தகட்டைத் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். பெட்ரோல் குழாயும் அதே தரைக்கடியில்தான் போகிறது.

இதற்காகத்தான் அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. பேட்டரி இடம் மாறினாலே வெளியிலிருந்து அணைக்கும் கட்-ஆஃப் சுவிட்ச் கட்டாயம் என்கிறது. நம் ஊரிலும் பலர் அதைப் பார்த்துத்தான் பொருத்துகிறார்கள். குறை சுவிட்ச் இல்லாததில் இல்லை, அதைச் சோதிக்கும் முறையில் இருக்கிறது. வரிசையில் கார் இன்ஜின் அணைந்த நிலையில் நிற்கிறது. சுவிட்சைத் திருப்புகிறார்கள், ஹெட்லைட் அணைகிறது, ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். இதனால் தெரிவது பேட்டரி துண்டிக்கப்பட்டது என்பது மட்டுமே. ஓடுகிற இன்ஜின் நிற்குமா என்பது தெரியவே தெரியாது.

காரணம், இன்ஜின் சுழலும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர். சுவிட்சை பேட்டரிக்கும் ஸ்டார்ட்டர் வயருக்கும் நடுவே மட்டும் வைத்து, ஆல்டர்னேட்டரின் சார்ஜ் வயரை முன்பக்கம் பழைய ஃபியூஸ் பெட்டியிலேயே விட்டுவிட்டால், பேட்டரியை வெட்டிய பிறகும் ஆல்டர்னேட்டர் இக்னிஷனுக்கும் இன்ஜின் கணினியான ஈ.சி.யு.வுக்கும் பெட்ரோல் பம்புக்கும் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். கார் கவிழ்ந்து, மயங்கிய ஓட்டுநரின் கால் பெடலில் கிடக்க, தடப் பாதுகாப்புப் பணியாளரான மார்ஷல் ஓடிவந்து சுவிட்சை அமுக்கினாலும் இன்ஜின் நிற்காது, பம்பும் நிற்காது.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை, சோதனையை இன்ஜின் ஓடும்போது செய்யுங்கள். இன்ஜின் சூடான பிறகு ஹெட்லைட், ஏர்கான், ரேடியோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 2,500 ஆர்.பி.எம்.மில் பிடிக்கச் சொல்லி, பின்னாலிருந்து சுவிட்சை அமுக்குங்கள். விளக்குகளைப் போட்டுவிட்டு ஐடிலில் சோதித்தால் ஏமாந்துவிடுவீர்கள். அந்தச் சுமையில் ஆல்டர்னேட்டரே தளர்ந்து, தவறாக வயர் போட்ட காரிலும் இன்ஜின் நின்றுவிடலாம். சுமை குறைவாக இருக்கும்போதுதான் ஆல்டர்னேட்டர் தனியாகத் தாக்குப்பிடிக்கும், குட்டும் அப்போதுதான் வெளிப்படும். சோதனையின்போது பேட்டரி முழு சார்ஜில் இருப்பதும் நல்லது. அதிக ஆம்பியர் ஏறிக்கொண்டிருக்கும்போது பேட்டரியைத் துண்டித்தால் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் சில நூறு மில்லிவிநாடிகளுக்கு எகிறும். தடுப்பு இல்லாத 12 வோல்ட் அமைப்பில் அது 100 வோல்ட்டைக்கூட எட்டும். டையோடும் ஈ.சி.யு.வும் போவது அதில்தான். சார்ஜ் நிறைந்த பேட்டரியோடு சோதித்தால் அந்த எகிறல் சிறிதாக இருக்கும்.

இன்ஜின் நின்ற பிறகு சாவியை ஆன் நிலையிலேயே விட்டு ஹார்ன், ஹஸார்டு விளக்கு, ரேடியேட்டர் விசிறி, பெட்ரோல் பம்ப் ஒவ்வொன்றும் செத்திருக்கிறதா என்று பாருங்கள். வோல்ட் மீட்டரின் ஒரு முனையை சுவிட்சின் கார்ப்பக்க ஸ்டட்டிலும் (வயர் மாட்டும் போல்ட்) மறுமுனையை உடல் தகட்டிலும் வையுங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். 12 காட்டினால் எங்கோ ஒரு வயர் சுவிட்சைச் சுற்றிக்கொண்டு வருகிறது. பெரும்பாலும் அது சவுண்ட் சிஸ்டத்துக்கு வைத்த இரண்டாவது பேட்டரியாக இருக்கும், அல்லது ஈ.சி.யு. நினைவும் அலாரமும் போகக்கூடாது என்று சுவிட்சின் இரண்டு ஸ்டட்டுக்கும் குறுக்கே போட்ட மெல்லிய வயராக இருக்கும். அந்த மெல்லிய வயரை நாங்கள் எந்தக் காரிலும் ஏற்பதில்லை. ஃபியூஸ் இல்லாவிட்டால், சுவிட்ச் அணைந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சாவியைத் திருப்பிய கணமே அது பழுத்துச் சிவக்கும்.

பம்பைத் தனியாகப் பாருங்கள். பேட்டரி பூட்டில், பம்ப் பின் சீட்டுக்கடியில். பக்கத்திலேயே பாசிட்டிவ் முனை இருக்கிறதே என்று பம்பை இயக்கும் ரிலேயின் 30-ஆம் முனைக்கு, அதாவது மின்சாரம் நுழையும் முனைக்கு, நேராக அங்கிருந்து வயர் எடுத்துவிடுகிறார்கள். ஈ.சி.யு. செத்தால் ரிலே விடுபடும் என்பது உண்மைதான். ஆனால் ரிலேயின் உள்முனை ஒட்டிக்கொண்டால் பம்ப் ஓடிக்கொண்டேயிருக்கும், அந்த வயரும் எப்போதும் உயிரோடு கிடக்கும். பம்பும் விசிறியும் நைட்ரஸ் வாயு பாட்டிலின் சூடேற்றியும் சுவிட்சின் கார்ப்பக்கத்திலிருந்துதான் மின்சாரம் எடுக்க வேண்டும்.

வயர் போடும் ஃபோர்மன்களுக்கும் (மெக்கானிக்குகளுக்கும்) உங்கள் விதித்தாளில் நாலு வரி இருந்தால் உதவும். சாலையில் ஓடும் காருக்கு நாங்கள் விரும்பும் வழி, ஆல்டர்னேட்டரின் சார்ஜ் வயரைத் தனியே பின்னால் கொண்டுவந்து சுவிட்சின் பேட்டரிப் பக்க ஸ்டட்டில் மாட்டுவது. அமுக்கியதும் இக்னிஷன் போய்விடும், இன்ஜின் நிற்கும். ஆல்டர்னேட்டரோ பேட்டரியோடு இணைந்தே இருப்பதால் வோல்டேஜ் எகிறாது. இதற்கு ஒரு விலை உண்டு. சுவிட்ச் அணைந்த பிறகும் அந்த ஒரு வயர் முன்பக்கம் வரை உயிரோடு இருக்கும். அதனால் பேட்டரியிலிருந்து 20 சென்டிமீட்டருக்குள் அதற்கு ஃபியூஸ் வேண்டும். 80 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கு 100 ஆம்பியர் போதும், வயரும் அந்த ஃபியூஸைத் தாங்கும் தடிப்பில் இருக்க வேண்டும். ஃபியூஸ் இல்லாத காரைத் திருப்பி அனுப்புங்கள். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. பாணி ஆறு முனை சுவிட்ச் இன்னொரு வழி. பேட்டரியையும் இக்னிஷனையும் ஒரே நேரத்தில் வெட்டி, ஆல்டர்னேட்டரின் மிச்ச மின்சாரத்தை 3 ஓம், 11 வாட் ரெசிஸ்டர் வழியாக எர்த்துக்கு இறக்கிவிடும். ஆல்டர்னேட்டர் பிளக்கிலிருந்து சார்ஜ் விளக்கு வயரை மட்டும் வெட்டினால் போதும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். உள்ளேயே வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் உள்ள ஆல்டர்னேட்டர்கள் பல, ஓட ஆரம்பித்த பின் தம் ஃபீல்டு என்ற காந்தச் சுருளுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும்.

சுவிட்சின் தரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிவப்பு பிளாஸ்டிக் சாவி கழற்றும் மலிவு சுவிட்ச் எங்கும் கிடைக்கிறது. பிளாஸ்டிக் சுவிட்சையும் சாவி வைத்த சுவிட்சையும் என்.எச்.ஆர்.ஏ. விதி ஏற்பதில்லை. அதைப் பிரித்துப் பார்த்தால் காரணம் புரியும். உள்ளே நகத்தளவு செம்புத் தகடு, கீழே மெல்லிய ஸ்பிரிங். ஸ்டார்ட்டர் சில முறை இழுத்ததும் தகட்டின் ஓரம் கருகிக் குழி விழும். குழி விழுந்த இடம் மேலும் சூடாகி, ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் சாவியைத் திருப்பினாலும் உள்ளே வெட்டாது. தொடர்ந்து 100 ஆம்பியரும் சில விநாடிகளுக்கு 500 ஆம்பியரும் தாங்கும் உலோக சுவிட்சைத்தான் கேளுங்கள். ஸ்டார்ட்டர் சுழலும்போது இரண்டு ஸ்டட்டுக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்த்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது.

கேபிளும் அப்படித்தான். 5 மீட்டர் நீளத்தில் 200 ஆம்பியர் இழுக்கும்போது 16 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிளில் சுமார் 1.1 வோல்ட் இழப்பு. 35-இல் அது 0.5, 50-இல் 0.35. சவுண்ட் சிஸ்டம் கடையில் கொழுத்த உறையோடு விற்கும் கேபிள் பல நேரம் செம்பு பூசிய அலுமினியம். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளி நிறம் தெரியும், அதை ஒதுக்கிவிடுங்கள். முனைகளை ஹைட்ராலிக் கிரிம்ப் கருவியால் நசுக்க வேண்டும், ஈயம் மட்டும் வைத்துப் பற்றவைத்தது சூட்டில் விடும். தகட்டைக் கடக்கும் ஒவ்வொரு துளையிலும் ரப்பர் வளையம் வேண்டும், பெட்ரோல் குழாய்க்கு எதிர்ப்பக்கமாக ஓட வேண்டும், 30 சென்டிமீட்டருக்கு ஒரு கிளிப் வேண்டும். இன்ஜினுக்கும் உடல் தகட்டுக்கும் அதே தடிப்பில் எர்த் வயர் இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் மின்சாரம் கியர் கேபிள் வழியாகத் திரும்பிப் போகும். கியர் கேபிள் உறை உருகியிருந்தால் காரணம் அதுதான்.

பொருத்தும் இடம் காரின் பின்முகத் தகடு. பூட் மூடியில் வேண்டாம். மூடி திறக்கத் திறக்க கேபிள் மடிந்து ஒடியும். இழுத்துத் தள்ளும் தண்டு வைத்தால் தள்ளுவதுதான் அணைப்பாக இருக்க வேண்டும், தண்டு 3 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. ஓடிவரும் மார்ஷலின் உள்ளங்கை அடித்தாலே போதும். ‘ஆஃப்’ என்ற சொல்லும், வெள்ளை ஓரமிட்ட நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னலும் 12 சென்டிமீட்டர் அகலத்தில் ஒட்டியிருக்கட்டும். தெருவில் நிற்கும்போது யாரும் விளையாட்டுக்கு அமுக்கக்கூடாது என்று சிலர் பூட்டு மூடி போடுகிறார்கள். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் தடத்துக்கு வரும்போது மூடி கையோடு கழன்றிருக்க வேண்டும். மாலை மழையில் நனைந்த ஸ்டட்டில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ரப்பர் உறையும் கிரீஸும் செலவில்லாத வேலை.

சத்ரியா, மைவி போன்ற ஹாட்ச்பேக்குகளில் பூட்டுக்கும் ஓட்டுநருக்கும் இடையே இரும்புத் தடுப்பு கிடையாது. அவற்றுக்கு மூடிய பெட்டியும், காருக்கு வெளியே போகும் காற்றுக் குழாயும் கட்டாயமாக்குங்கள். பேட்டரியை இறுக்க 10 மில்லிமீட்டர் போல்ட் இரண்டு வேண்டும். கம்பெனி கொக்கி போதாது.

இந்தச் சோதனைக்கு ஒரு காருக்கு மூன்று நிமிடம் ஆகும். வரிசை நீளும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே பதிவுத் தாளிலேயே இந்த விதியை மலாயிலும் தமிழிலும் சீனத்திலும், ஒரு வயரிங் வரைபடத்தோடு அச்சிட்டு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். சோதனை நாளன்று மீட்டரோடு நின்று உதவ ஆள் வேண்டுமென்றால் எங்களில் இருவர் வருகிறோம், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
செந்தூல், செகாம்புட் வட்டாரத்தில் கார் வயரிங் வேலை பார்ப்போர்,
கோலாலம்பூர்