புதிய போர்டில் ரஸ்ட், பழைய போர்டில் சி: ஏன் இப்படி?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் புதிய கணினி போர்டுகளுக்கான டிரைவர்களை (வன்பொருளை இயக்கும் நிரல்களை) ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதுகிறோம் என்று விலைப்பட்டியலில் சொல்லியிருந்தோம். அதைப் பார்த்துவிட்டு, எங்கள் போர்டுகளை அரிசி ஆலைகளிலும் செட்டிநாட்டு விடுதிகளிலும் பொருத்தித் தரும் உங்களில் பலர், "பழைய போர்டுக்கும் அதையே போட்டுக் கொடுங்களேன்" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

ரஸ்ட் மீது எங்களுக்கு முழு நம்பிக்கை உண்டு. பழைய போர்டு டிரைவர்களை எழுதிய சி மொழியில், விடுவித்த நினைவகத்தை மறுபடி தொடுவது, எல்லை தாண்டி எழுதுவது போன்ற பிழைகள் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். பிறகு ஆலையில் ஆளில்லாத நேரத்தில் மோட்டார் பெட்டி அப்படியே நின்றுவிடும். முதல் வகைப் பிழைகளில் பெரும்பகுதியை ரஸ்ட் கம்பைல் செய்யும்போதே, அதாவது நிரலைச் சிப்புக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும்போதே, பிடித்துவிடுகிறது; எல்லை தாண்டுவதைப் பெரும்பாலும் நிரல் ஓடும்போது சோதித்துத் தடுக்கிறது. எங்கள் போர்டுகளில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலில், 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில் அது நுழைந்தது. 2025 டிசம்பரில் டோக்கியோவில் கூடிய கெர்னல் பராமரிப்பாளர்கள், அது இனி சோதனை முயற்சி அல்ல என்று முடிவு செய்தார்கள்.

சரி, அப்புறம் என்ன தடை? கம்பைலர்தான். கெர்னலை வழக்கமாகக் கம்பைல் செய்யும் ஜி.சி.சி. என்ற கம்பைலர் 1987 முதல் வளர்ந்து, ஏகப்பட்ட சிப்புகளைக் கற்றுவைத்திருக்கிறது. ரஸ்ட் கம்பைலரோ, அந்தந்தச் சிப்புக்கான நிரலை உருவாக்கித் தரும் எல்.எல்.வி.எம். என்ற மென்பொருளின் துணையோடு ஓடுகிறது. ஆல்ஃபா போன்ற பழைய சிப்புகளுக்கு லினக்ஸ் உண்டு, எல்.எல்.வி.எம். கிடையாது. ஜி.சி.சி.க்குள்ளேயே ரஸ்டைக் கொண்டுவரும் வேலை நடக்கிறது. ஆனால் கெர்னலை நம்பி ஒப்படைக்கும் அளவுக்கு அது இன்னும் முதிரவில்லை.

எங்கள் பழைய போர்டில் இருப்பது மிப்ஸ் என்ற வகையைச் சேர்ந்த 32 பிட் சிப்பு. எல்.எல்.வி.எம்.முக்கு மிப்ஸ் தெரியும். ஆனாலும் 2023இல் வந்த ரஸ்ட் 1.72 அதை ஆதரவு வரிசையில் மிகக் கீழான மூன்றாம் படிக்கு இறக்கிவிட்டது: ஆயத்த நூலகம் வராது, ஒவ்வொரு வெளியீட்டிலும் சோதித்துப் பார்ப்பார்கள் என்ற உறுதியும் இல்லை. கெர்னலின் ரஸ்ட் ஆதரவுப் பட்டியலிலும் மிப்ஸ் இல்லை. முட்டி மோதி ஓடவைத்துவிட்டால்கூட, நாலு வருடம் கழித்து ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தால் எதைக் கொண்டு கம்பைல் செய்வது? சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த ஆள் இல்லாத ஊரில் முட்டைப்பூச்சுச் சுவர் எழுப்பிய கதையாகிவிடும்.

பதிப்புப் பிரச்சினையும் இருந்தது. 6.1 கெர்னல் ரஸ்ட் 1.62ஐத்தான் கேட்டது; அதே கெர்னலோடு வந்த டெபியன் 12 என்ற லினக்ஸ் தொகுப்பில் இருந்ததோ 1.63. 2024இல் வந்த 6.11 முதல்தான் 1.78 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு எதுவானாலும் சரி என்றானது. டெபியன் 13இல் 6.12 கெர்னலும் ரஸ்ட் 1.85உம் சேர்ந்தே வருகின்றன. எங்கள் புதிய 64 பிட் ஆர்ம் போர்டுகளை அதை வைத்துத்தான் தயாரிக்கிறோம்.

பழைய போர்டுகளுக்கு சி டிரைவர்களும் திருத்தங்களும் தொடர்ந்து வரும். ரஸ்டுக்காக மட்டும் அவற்றை மாற்றிச் செலவு செய்ய வேண்டாம். புதிய போர்டு வாங்குவோருக்கு மூலநிரல், கம்பைலர், சி நிரலை ரஸ்டோடு இணைக்க உதவும் பைண்ட்ஜென் கருவி மூன்றும் அடங்கிய பென்டிரைவ் ஒன்று தருகிறோம். பில்லோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். நீங்களே கம்பைல் செய்வதானால், முதலில் 'make rustavailable' கட்டளையை ஓட்டிப் பாருங்கள். ஏதாவது குறைந்தால் அதுவே சொல்லிவிடும். அதற்குப் பிறகும் நின்றால், திரையில் வரும் பிழைச்செய்தியைப் படமெடுத்துக் கடைக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
காரைக்குடி கடையிலிருந்து