முன்பாரம் பார்த்துக் கொழுவுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

விசுவமடுவில் உழவு மெசினுக்குப் பெட்டி அடிப்பது என் தொழில். போன மாதம் ரொறன்ரோவிலிருந்து அக்காவின் மகன் கோல் எடுத்தான். "மாமா, இழுக்கிற வீடு ஒண்டு வாங்கிப்போட்டன். கொழுவினால் பிக்கப்பின்ர பின்பக்கம் குந்துது, முன்பக்கம் நிமிருது. கடைக்காரன் வெயிற் டிஸ்ரிபியூசன் ஹிச் பூட்டச் சொல்லுறான். எதை வாங்க?" கட்டில், குசினி எல்லாம் உள்ள பெட்டியாம். முதலில் சிரிப்புத்தான் வந்தது. அங்குள்ள எங்கள் சனமும் உங்கள் பத்திரிகையை வாசிப்பதால், அவனுக்குச் சொன்னதையே எழுதுகிறேன்.

படம் அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். கொழுக்கியின் தலையிலிருந்து இரண்டு வில்லுக் கம்பிகள் பெட்டியின் சட்டத்துக்குப் போகின்றன. நுனியைச் சங்கிலியால் தூக்கி இறுக்கினால் கம்பி வளைந்து, குந்திய பின்பக்கத்தை நிமிர்த்தி, பாரத்தை வாகனத்தின் முன் சில்லுக்கும் பெட்டியின் சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கும். நல்ல மூளை. முன் சில்லில் பாரம் குறைந்தால் ஸ்ரேரிங் சொல்லுக் கேளாது என்பது நெல்லேற்றிக்கொண்டு குளக்கட்டில் ஏறிய எவருக்கும் தெரியும்.

ஆனால் கம்பி வாங்க முதல் மூக்கின் பாரம், அதாவது பெட்டியின் முன்நுனி கொழுக்கியை அழுத்தும் பாரம், தெரியவேண்டும். இப்படியான பெட்டிக்கு முழு நிறையில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை மூக்கில் இருக்க வேண்டுமாம். 6000 இறாத்தல் பெட்டி என்றால் 600 முதல் 900 வரை. கடைச் சீட்டில் உள்ள வெறும் பெட்டியின் நிறையை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. தண்ணீர், காஸ் சிலிண்டர், அக்கா ஏற்றிவிடும் அரிசி மூட்டை எல்லாம் ஏற்றிய பிறகு லொறித் தராசில் நிறுக்க வேண்டும்: கம்பியைப் பூட்டாமல் பெட்டியைக் கொழுவி ஒருமுறை, கழற்றி ஒருமுறை. வாகனத்தின் சில்லுகளில் கூடிய பாரம்தான் மூக்கின் பாரம். அவனுக்கு 720 வந்தது. பிக்கப்பின் பின் அச்சுக்கும் பின்னால் கிடக்கும் சாமான் 100 இறாத்தல். அதையும் கம்பிதான் நிமிர்த்த வேண்டும். ஆக 820. எனக்கென்றால் 1000 இறாத்தல் வரை தாங்கும் கம்பி போதும். கடைக்காரன் 1200ஐத் தலையில் கட்டப் பார்த்தானாம். தேவைக்கு மிஞ்சிய தடிப்பான கம்பி வளையாது, உலுப்பத்தான் செய்யும். பிக்கப்பின் கொழுக்கியிலும் கையேட்டிலும் எழுதியுள்ள உச்சப் பார அளவை எந்தக் கம்பியும் கூட்டித் தராது.

பெட்டிக்குள் பின்பாரம் இருந்தால் அதையும் கம்பி திருத்தாது. அப்பு வண்டில் ஓட்டிய காலத்தில், மாட்டைப் பூட்ட முதல் நுகத்தைக் கையால் தூக்கிப் பார்ப்பார். தானாக மேலே எழும்பினால் பின்பாரம். அப்படியே பூட்டினால் கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். கடைசி வரிசையை இறக்கி முன்னுக்கு அடுக்கிய பிறகுதான் புறப்படுவார்.

இவ்வளவும் தெரிந்த நானே பிழை விட்டிருக்கிறேன். முன்பு ஒருவர் கேட்டாரென்று, அச்சை நட்டநடுவில் வைத்து ஒரு பெட்டி அடித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் மூக்கு எழும்பி விழுந்து, இரண்டு போகத்துக்குள் கொழுக்கி ஆணியின் வட்ட ஓட்டை கோழி முட்டை மாதிரி நீண்டுவிட்டது. அச்சை ஒரு சாண் பின்னுக்கு எடுத்து, ஓட்டையை அடைத்துத் திரும்பத் துளைத்தேன். கூலி கேட்க வாய் வரவில்லை.

மருமகனை, கொழுவ முதல் முன் மட்காட்டின் உயரத்தை ரேப்பால் அளந்து எழுதி வைக்கச் சொன்னேன். கொழுவியதும் ஒன்றரை அங்குலம் நிமிர்ந்ததாம். சங்கிலியை இறுக்கிய பிறகு கால் அங்குலம்தான் வித்தியாசம். பின் கட்டிலுக்குக் கீழே கிடந்த அரிசி மூட்டையை முன்னுக்கு எடுத்தானோ என்று மட்டும் இன்னும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
பெட்டி அடிப்பவன்,
விசுவமடு.