கொடைக்கானல் பேக்கேஜ் டூர் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்பர்களுக்கு வணக்கம்.

உங்கள் நோட்டீஸில் கோக்கர்ஸ் வாக், தூண்பாறை, குணா குகை, பைன் காடு, ஏரி எல்லாம் இருக்கின்றன. நோட்டீஸில் போடாத சாக்லேட் கடைகளும் உண்டு. கமிஷன் உங்கள் பிழைப்பு, அதில் நான் தலையிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மலைமேல் நிற்கும் வண்டியைச் சந்தைப் பக்கம் ஏன் திருப்புவதில்லை என்றுதான் கேட்கிறேன்.

ஞாயிறுதோறும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே கூடுகிற சந்தை அது. போன விடுமுறையில் எங்கள் வேன் அதைத் தாண்டித்தான் போனது. "வெறும் காய்கறிதான் சார், உங்க ஊர்லயே கிடைக்கும்" என்றார் கூட வந்த கைடு. அம்மா கேட்கவில்லை, வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார்.

அவர் தேடியது மலைப்பூண்டு. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சிப் பக்கம் விளைவது. 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. கட்டுக்கட்டாகக் கட்டிப் புகை படும்படி தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. எங்கள் மதுரைப் பக்கம் பிள்ளை பெற்றவளுக்கு இதைத்தான் தேடி வாங்குவார்கள். "எந்த ஊர்ப் பூண்டு, எப்ப எடுத்தது?" என்று அம்மா கேட்க, விற்ற அக்கா பதில் சொல்ல, என் பிள்ளைகள் வாய்பிளந்து நின்றார்கள். பூண்டுக்கும் ஊர் உண்டு என்பது அவர்களுக்குப் புதுச் செய்தி. தூண்பாறையில் எங்களுக்கு வாய்த்தது மேகம் மட்டும்தான், அது வேறு கதை.

சந்தையில் கேரட், நூல்கோல், சௌசௌ, பட்டர் ஃப்ரூட், சீசன் என்றால் பிளம்ஸும் பேரிக்காயும். மலைவாழையும் வரும். மறுநாள் நீங்களே எங்களைப் பழனியில் இறக்கிவிடுகிறீர்கள். பஞ்சாமிர்த டப்பா வாங்காமல் யாரும் வண்டி ஏறுவதில்லை. அந்தப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாச்சி என்ற மலைவாழை இந்தப் பழனிமலைச் சரிவில் விளைவதுதான். உங்கள் கைடு இந்த ஒரு வரியைச் சொன்னால் போதும், இரண்டு நாள் பயணமும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும்.

ஞாயிறு காலை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வேனைச் சந்தைக்குள் நுழைக்காதீர்கள், தள்ளி நிறுத்தினால் நடந்து வருகிறோம். கிளம்பும்போதே மஞ்சப்பை எடுத்து வரச் சொல்லுங்கள்; பிளாஸ்டிக் பைக்கு 2019 முதல் தமிழ்நாடு முழுக்கத் தடை. ஐந்து ரூபாய்க்கு அடித்துப் பேரம் பேசுகிறவர்களையும் கொஞ்சம் அடக்கி வையுங்கள். சாக்லேட் கடையில் அவர்கள் வாயே திறப்பதில்லை.

அடுத்த சீசனுக்கு நோட்டீஸ் அடிக்கும்போது 'ஞாயிறு சந்தை' என்று ஒரு வரி சேருங்கள். பேக்கேஜில் ஞாயிறு வராது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நாங்கள் தேதியை மாற்றிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு பயணி