1948 இருபது காசில் வெள்ளி ஏது?

பழைய நாணயக் கடை நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

போன மாதம் உங்களிடம் மலாயாப் பழைய காசுகள் 45 வாங்கினேன், இருபது காசு நாணயம் 15, சதுர வடிவ ஒரு காசு நாணயம் 30. சுங்கை சிப்புட்டில் ஞாயிறுதோறும் சந்தையில் ஒரு மேசை போட்டு இவற்றைத்தான் விற்கிறேன். வாங்குகிறவர்களில் பாதிப்பேர் தோட்டத்துப் பிள்ளைகள், கையில் ஐந்து ரிங்கிட் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பொறுக்குவார்கள்.

இருபது காசு ஒவ்வொன்றையும் "வெள்ளி நாணயம்" என்று உறையில் அச்சடித்து 12 ரிங்கிட் போட்டிருந்தீர்கள். அதை நம்பி நானும் 15 ரிங்கிட்டுக்கு மூன்றை விற்றுவிட்டேன். அப்புறம்தான் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வருடத்தைக் காட்டினார். 1939 இருபது காசில் முக்கால் பங்கு வெள்ளி, 1943, 1945 காசுகளில் பாதி, 1948, 1950 காசுகள் வெறும் செம்பு நிக்கல். நீங்கள் அனுப்பிய 15இல் பதினொன்று 1948, 1950 போட்டவை! எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்தான், ஆனால் உறையில் அச்சடித்தது நீங்கள். மூன்றில் இரண்டு அந்தப் பதினொன்றில் உள்ளவை. வாங்கிய பையன் ஒருவனுடைய அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகிறவர், அவர் வீட்டுக்கே போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், இன்னொருவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சதுரக் காசு விஷயம் எனக்கு இன்னும் வருத்தம். முப்பதும் புளி போட்டுத் தேய்த்த செம்புக் குடம் மாதிரி பளபளவென்று வந்தன. எண்பது வருடத்துக் காசில் படிந்த அந்தப் பழுப்பு நிறம்தானே அழகு, அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் சேகரிப்பவர் யாரும் தொடமாட்டார். அதற்கு மேல் 1943, 1945 போட்ட இந்தச் சதுரக் காசு ஒவ்வொன்றுக்கும் "அரியது" என்று வேறு எழுதி 6 ரிங்கிட் வாங்கியிருக்கிறீர்கள். அவை இங்கே எத்தனையோ வீட்டு டப்பாவில் கிடக்கின்றன, தேய்க்காமல் இருந்தால் நான் 2 ரிங்கிட்டுக்குக் கொடுப்பேன்.

விலை மலிவான காசு என்பதால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தீர்களா? சேகரிக்கத் தொடங்கும் பிள்ளை முதலில் வாங்குவது இதைத்தான், அதிலேயே ஏமாந்தால் அடுத்த வாரம் மேசைப் பக்கம் வரமாட்டான்.

பதினொரு இருபது காசு நாணயங்களுக்கு 132, முப்பது சதுரக் காசுக்கு 180, ஆக 312 ரிங்கிட் எனக்குத் திரும்ப வேண்டும். கையில் இருப்பதை எல்லாம் அனுப்பிவிடுகிறேன், தபால் செலவு உங்களுடையது. விற்ற அந்த இரண்டையும் திரும்ப வாங்கி அனுப்புவது என் பொறுப்பு. உங்கள் உறைகளில் வருடம், உலோகம், தேய்த்ததா இல்லையா என்ற மூன்றையும் சரியாகப் போடுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் சட்டப்படி நடவடிக்கை எடுப்பேன்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் வாடிக்கையாளர்