பயம் திரும்பி வந்தால் பயிற்சி வீணாகிவிட்டதா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் சிறிய இன நாய் ஒன்றை வளர்க்கலாம் என்பதால், நாயோடு ஒரே மின்தூக்கியில் ஏறுவது இங்கு சாதாரணம். நாயைக் கண்டாலே அலறும் பிள்ளைக்கோ அது பெரும் வதை. “அதை மறந்துடு, ஒண்ணும் செய்யாது” என்கிறோம். மூளை அப்படி மறப்பதில்லை என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாய் துரத்திய அச்சம் மூளையின் உட்புறமுள்ள அமிக்டலாவில் பதிகிறது. பிறகு எத்தனை நாய்களைப் பார்த்து எதுவும் நேராவிட்டாலும் அந்தப் பதிவு பெரும்பாலும் அழிவதில்லை. “நாய் வந்தாலும் ஒன்றும் ஆகாது” என்ற புதிய பாடம் தனியாக உருவாகிறது. நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைப் புறணியின் ஒரு பகுதி அதைக்கொண்டு அமிக்டலாவை அடக்குகிறது. பழைய பாடம் அழியாமல் இருப்பதை ரஷ்ய அறிஞர் பாவ்லோவ் நாய்களிடமே கண்டார். ஒலி கேட்டால் உணவு வரும் என்று பழகிய நாய்களுக்கு, உணவு தராமல் ஒலியை மட்டும் திரும்பத் திரும்ப எழுப்பியபோது எச்சில் ஊறுவது நின்றது. இடைவெளி விட்டு மீண்டும் ஒலித்தபோது ஊறியது.

இதில் முக்கியமானது இடம். பழைய பயம் போகுமிடமெல்லாம் கூடவே வரும். புதிய பாடமோ கற்ற சூழலோடு ஒட்டிக்கொள்ளும். அந்தச் சூழலைக் குறித்துவைப்பது ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி. பீஷான் – அங் மோ கியோ பூங்காவில் நாயருகே நிதானமாக நின்ற பிள்ளை, மறுவாரம் மின்தூக்கியில் அலறுவது இதனால்தான். அதற்காகப் பிள்ளையைத் திட்டுவது அநியாயம்.

ஆகவே நாயருகே நிற்கப் பழக்கும் பயிற்சியைப் பல இடங்களில், பல நாய்களோடு, அப்பாவுடன் ஒரு நாள், பாட்டியுடன் ஒரு நாள் என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பிள்ளை பேசக்கூடிய நிலையில் இருக்கும் தூரத்தில் தொடங்கி, படிப்படியாக நெருங்குங்கள். நாய் வருமுன், “என்ன நடக்கும்னு நினைக்கிறே?” என்று கேளுங்கள். “பாய்ஞ்சு கடிக்கும்” என்று பதில் வரும். நாய் கடந்து போனதும், “நடந்துச்சா?” என்று கேளுங்கள். எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள அந்த வித்தியாசத்திலிருந்துதான் மூளை கற்கிறது. நடுவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டால், “அம்மா தூக்கியதால் தப்பித்தேன்” என்ற தவறான பாடம் பதியும். பள்ளி விடுமுறைக்குப்பின் பயம் தலைகாட்டினால் ஒரு படி பின்வாங்கித் தொடருங்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

பயமான நினைவை ஒரே அமர்வில் அழித்துவிடலாம் என்ற பேச்சையும் கேட்கிறோம். 2000இல் வெளியான எலி ஆய்வு ஒன்றில், நினைவைத் தூண்டிய உடனே அமிக்டலாவில் மருந்து செலுத்தியபோது அந்த அச்சம் குலைந்தது உண்மைதான். மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் முடிவுகள் ஒன்றுபோல் அமையவில்லை. அதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். பயத்தால் பிள்ளை பள்ளிக்கே போக மறுத்தால் பள்ளி ஆலோசகரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடுங்கள்.

நாய் வளர்ப்போருக்கும் ஒரு வேண்டுகோள். மின்தூக்கியில் பிள்ளை ஒதுங்கி நிற்பதைக் கண்டால் வாரைச் சுருக்கிப் பிடியுங்கள், முடிந்தால் அடுத்ததில் ஏறுங்கள். நாய் ஒருமுறை தாவினாலும் அடங்கியிருந்த பழைய பயம் முழு வேகத்தில் எழும். பிள்ளை பல வாரங்கள் பழகியதெல்லாம் பின்னுக்குப் போய்விடும்.

இப்படிக்கு,
வாசகர், தெம்பனிஸ்