கண் பட்டும் கருத்தில் படாதவை: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். சென்ற தேர்வில் "தவறான கூற்றைத் தேர்ந்தெடுக்க" என்றிருந்த வினாவுக்கு, பாடத்தை நன்கு அறிந்த மாணவர்கள் பலரும் சரியான கூற்றை எழுதி மதிப்பெண் இழந்தனர். "கண்ணைப் பிடரியில் வைத்துக்கொண்டா எழுதினாய்?" என்று சில வீடுகளில் அவர்களைக் கடிந்துகொண்டதாக அறிகிறேன். வகுப்பறையில் நானே பல ஆண்டுகள் சொல்லிவந்த சொல்தான் அது, இப்போது சொல்வதில்லை.

1999-இல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டபர் சாப்ரிஸ் என்னும் உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஓர் அணியினர் பந்தை எத்தனை முறை கைமாற்றுகிறார்கள் என்று எண்ணியபடி காணொளியைப் பார்த்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர், ஆட்டத்தின் நடுவே கொரில்லா வேடத்தில் ஒருவர் நடந்து சென்றதைக் கவனிக்கவே இல்லை. பயிற்சி பெற்ற கண்ணும் இதற்கு விலக்கன்று. 2013-இல் வெளியான மற்றோர் ஆய்வில், நுரையீரல் ஸ்கேன் படங்களில் சிறு கட்டிகளைத் தேடிய 24 கதிரியக்க மருத்துவர்களில் 20 பேர், அப்படங்களில் செருகப்பட்டிருந்த, சராசரிக் கட்டியைப் போல் 48 மடங்கு பெரிதான கொரில்லா உருவத்தைக் காணவில்லை. அவர்களில் பலருடைய பார்வை அந்த இடத்தின் மீதே நேராகப் பதிந்திருந்ததைக் கண்ணசைவுப் பதிவு காட்டியது. மனம் எதைத் தேடுகிறதோ அதற்கே கவனம் செல்வதால், சரியான விடையைத் தேடிப் பழகிய பிள்ளையின் கண் "தவறான" என்ற சொல்லின் மீது பட்டும் அது கருத்தில் ஏறாமல் போகக்கூடும். எனவே "நான் பார்க்கவில்லை" என்று பிள்ளை சொன்னால், அதைச் சாக்கு என்று உடனே தள்ளிவிட வேண்டாம்.

இனி வினாத்தாள்களில் இத்தகைய சொற்கள் தடித்த எழுத்தில் அச்சிடப்படும். வினாவைப் படிக்கும்போதே அவற்றை அடிக்கோடிடவும் பயிற்சி தரப்படும்.

தொடக்க வகுப்புகளில் கரும்பலகையைச் சுற்றியிருந்த படங்களைப் பின்சுவருக்கு மாற்றியது ஏன் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், அலங்காரம் மிகுந்த அறையில் பாடம் கேட்ட மழலையர் வகுப்புப் பிள்ளைகள் தேர்வில் 42 விழுக்காடும், வெறுஞ்சுவர் அறையில் கேட்டபோது 55 விழுக்காடும் சரியாக விடையளித்தனர். பங்கேற்றவர்கள் 24 பிள்ளைகளே என்பதால், எல்லாச் சுவர்களையும் வெறுமையாக்க நான் துணியவில்லை.

வீட்டுப்பாடம் எழுதும் நேரத்தில் தொலைக்காட்சியை நிறுத்திவைக்குமாறும், திருத்திய விடைத்தாளில் கையொப்பமிட்டு வெள்ளிக்கிழமைக்குள் திருப்பி அனுப்புமாறும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதுபோன்றதொரு காணொளிச் சோதனையை உங்களிடமே நடத்திப் பார்க்கவிருக்கிறோம். கொரில்லாவைப் பற்றி நானே இங்கு சொல்லிவிட்டதால், வேறொரு காட்சியைத் தேடும் வேலை அறிவியல் ஆசிரியரின் தலையில் விழுந்திருக்கிறது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்